அந்தக் கடிதம் யார் பெட்டியில் இருக்கிறது? – 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கடிதத் தொகுப்புகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து வரலாறும் இலக்கியமும் படிக்கும் மாணவர்கள், சொந்த ஆர்வத்தில் தேடுபவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். சுமார் 1500 முதல் 1700 வரை அங்கே எழுதப்பட்ட குடும்பக் கடிதங்களும், அறிஞர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களும் எங்கே இருக்கின்றன, எப்படிப் பிழைத்தன, எப்படிப் படிப்பது என்பதுதான் விஷயம்.

'ஜென்ட்ரி' என்பவர்கள் யார்?

பிரபுப் பட்டம் இல்லாமல், நிலமும் உள்ளூர்ச் செல்வாக்கும் உள்ள குடும்பங்கள். நம் ஊர் மிராசுதாரை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். உள்ளூரில் கௌரவ நீதிபதியாக உட்கார்ந்து வழக்கு விசாரிப்பது, வரி வசூலிப்பது, நாடாளுமன்றத்துக்குப் போவது எல்லாம் இவர்கள் வேலை. அதனால் நிறைய எழுதினார்கள். நிலத் தகராறு வந்தால் தாள்தான் சாட்சி என்பதால் எழுதியதைப் பத்திரப்படுத்தியும் வைத்தார்கள். நம் கைக்கு இத்தனை கடிதங்கள் வந்து சேர்ந்ததற்கு அந்த நிலப் பத்திரங்கள்தான் முதல் காரணம். பத்திரத்தோடு பத்திரமாக, மகள் எழுதிய கடிதமும் அதே பெட்டியில் கிடந்தது.

ஒருவர் எழுதிய கடிதங்களைத் தேடி அவர் குடும்ப ஆவணங்களைப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. எங்கே தவறு செய்தேன்?

எல்லோரும் முதலில் செய்யும் தவறுதான். கடிதம் எழுதியவரிடம் இருக்காது, வாங்கியவரிடம் இருக்கும். கேட்டால் இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் தேடல் முழுவதுமே இதன்மேல்தான் நிற்கிறது. எழுதியவரின் வீட்டைத் தேடாமல், வாங்கியவரின் பெட்டி பிறகு எங்கே போனது என்று தேடுங்கள்.

கவிஞர் ஜான் டன் நல்ல உதாரணம். 1601 டிசம்பரில் அவர் ஆன் மோர் என்ற பெண்ணை ரகசியமாக மணந்தார். அப்போது அவர் தாமஸ் எகர்டன் என்ற பெரிய அரசு அதிகாரியிடம் செயலாளர். ஆன், எகர்டனின் மனைவிக்கு உறவுப்பெண். அடுத்த பிப்ரவரியில், உண்மையை இனி மறைக்க முடியாது என்ற நிலையில், பெண்ணின் தகப்பனார் சர் ஜார்ஜ் மோருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்: கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் முன்பு எங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டது என்று. மாமனார் கொதித்துப்போனார். டன்னுக்கு வேலை போயிற்று, ஃப்ளீட் சிறையிலும் அடைத்தார்கள். அவ்வளவு கோபத்திலும் மோர் கடிதத்தைக் கிழித்துப் போடவில்லை. சர்ரே மாவட்டத்தில் கில்ஃபோர்டுக்குப் பக்கத்திலுள்ள லோஸ்லி மாளிகையில், குடும்ப ஆவணங்களோடு அது தங்கிவிட்டது. இன்று வாஷிங்டனில் ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தில் எல்.பி.526 என்ற எண்ணில் இருக்கிறது. டன்னின் பெயரை வைத்துக்கொண்டு லண்டனில் தேடினால் கிடைக்காது. அவருடைய மாமனாரின் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும்.

டோரதி ஆஸ்போர்ன் கதையும் இப்படித்தான். 1652 முதல் 1654 வரை, குடும்பம் காட்டிய வரன்களையெல்லாம் மறுத்துக்கொண்டே, வில்லியம் டெம்பிளுக்கு எழுதிக்கொண்டிருந்தார். டெம்பிள் அவற்றைப் பாதுகாத்தார். அதனால் டோரதியின் குரல் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் கேட்கிறது. டெம்பிள் எழுதிய பதில்களில் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சவில்லை. பக்கத்து அறையில் ஒருவர் தொலைபேசியில் பேசுவதைக் கேட்பதுபோல, ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு மறுபக்கத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு பக்கமும் கிடைக்கும் தொகுப்பே இல்லையா?

இருக்கிறது. பக்கிங்ஹாம்ஷயரில் கிளேடன் மாளிகையின் வெர்னி குடும்பத் தாள்கள். 17ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள் மட்டும் 30,000க்கு மேல் என்பது கணக்கு. சர் ரால்ஃப் வெர்னி வந்த கடிதத்தையும் வைத்துக்கொண்டார், தான் அனுப்பியதன் நகலையும் வைத்துக்கொண்டார். அவர் தகப்பனார் சர் எட்மண்ட் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1642ல் எட்ஜ்ஹில் என்ற இடத்தில் அரசரின் கொடியைத் தாங்கி நின்று இறந்தவர். மகனோ நாடாளுமன்றப் பக்கம் இருந்தார், பிறகு அவர்களோடும் ஒத்துப்போக முடியாமல் பிரான்ஸுக்குப் போய்விட்டார். சொத்தை நாடாளுமன்றம் முடக்கியது. அதை மீட்க, 1646ல் அவர் மனைவி மேரி கர்ப்பிணியாகத் தனியே லண்டன் வந்தார்.

அடுத்த ஒன்றரை வருடக் கடிதங்களை நான் ஒரே மூச்சில் படித்ததில்லை, முடியவில்லை. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு, கணவருக்குத் தேவையான துணிமணி, நடுவில் பிரசவம். 1647ல் இங்கே பிறந்த ஆண்குழந்தையும், அங்கே பிரான்ஸில் தகப்பனிடம் இருந்த மகள் பெக்கும் இறந்துபோனார்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆளுக்கொரு சாவுச் செய்தி. கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன. இரு பக்கமும் கைவசம் இருப்பதால், யாருக்கு எப்போது தெரிந்தது என்பதைத் தேதி தேதியாகப் பார்க்க முடிகிறது. மேரி சொத்தை மீட்டுக் கொடுத்துவிட்டு 1650ல் இறந்தார்.

இத்தனை நூற்றாண்டு இவை அழியாமல் இருந்தது எப்படி?

பல சமயம் யாரும் தொடாததால்தான். பூட்டிய அறை, மறந்துபோன பெட்டி. சாமுவேல் ஹார்ட்லிப் என்ற அறிஞர் 1662ல் இறந்தார். அவர் தாள்களை வில்லியம் பிரெரட்டன் என்ற பிரபு வாங்கி வைத்தார். 1667ல் ஜான் வொர்திங்டன் என்பவர் அவற்றைக் கட்டுக்கட்டாக ஒழுங்குபடுத்தினார். அப்புறம் தாள்கள் காணாமலே போய்விட்டன. 1933ல் ஜார்ஜ் டர்ன்புல் என்ற பேராசிரியர் லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் அவற்றைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ 25,000 தாள்கள். இன்று ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

தொட்டதால் பட்ட கஷ்டத்துக்கும் உதாரணம் உண்டு. தாமஸ் டானர் என்ற பாதிரியார் தன் சேகரிப்பை 1731 டிசம்பரில் நார்விச்சிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படகில் அனுப்பினார். தேம்ஸ் நதியில் வாலிங்ஃபோர்டுக்கு அருகே படகு மூழ்கியது. ஏறக்குறைய 20 மணி நேரம் தாள்கள் தண்ணீரில் கிடந்தன. காயவைத்து எடுத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் டானர் தொகுப்பைத் திறந்தால் அந்தத் தண்ணீர்க் கறையை இன்றும் பார்க்கலாம். கந்தலிலிருந்து செய்த காகிதமும் இரும்புச் சத்துள்ள மையும் தாக்குப்பிடித்தன. நம் காலத்துத் தாளும் பால்பாயின்ட் மையும் அப்படி நின்றிருக்குமா என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன்.

மிட்டாய்க்கடை, மெழுகுவர்த்திக் கடைகளில் பொட்டலம் மடிக்கப் போன தாள்களும் உண்டு. ரிச்சர்ட் ராலின்சன் அப்படிப்பட்ட கடைகளிலிருந்து வாங்கிச் சேர்த்தார். 1755ல் இறந்தபோது 5,000க்கு மேற்பட்ட கையெழுத்துத் தொகுதிகளைப் போட்லியனுக்கு விட்டுச் சென்றார்.

இங்கிலாந்துக் கடிதங்கள் அமெரிக்காவில் இருப்பது ஏன்?

விற்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் விவசாய வருமானம் விழுந்தது, பிறகு வாரிசு வரி வந்தது. பழைய குடும்பங்கள் நூலகத்தையும் ஆவணங்களையும் ஏலத்துக்கு அனுப்பின. வாஷிங்டனில் ஃபோல்ஜர் (1932ல் திறந்தது), கலிஃபோர்னியாவில் ஹன்டிங்டன் நூலகம் இரண்டும் இப்படி நிறைய வாங்கின. ஸ்டாஃபர்ட்ஷயரின் பேகட் குடும்பக் கடிதங்கள் ஃபோல்ஜரில். ஸ்டோ மாளிகையின் டெம்பிள் குடும்பத் தாள்கள் ஹன்டிங்டனில். லோஸ்லி தாள்கள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு பகுதி ஃபோல்ஜருக்குப் போனது, பெரும்பகுதி வோக்கிங்கில் உள்ள சர்ரே வரலாற்று மையத்தில் இருக்கிறது. ஒரே விவகாரத்தின் கேள்வி ஒரு கண்டத்திலும் பதில் இன்னொரு கண்டத்திலும் இருப்பது இங்கே சகஜம்.

அறிஞர்களின் கடிதங்கள் குடும்பக் கடிதங்களிலிருந்து எப்படி வேறுபடும்?

அவை ஒருவருக்கு மட்டும் எழுதப்பட்டவை அல்ல. ஆய்விதழ்கள் வருவதற்கு முன் கடிதம்தான் ஆய்விதழ். வாங்கியவர் நகலெடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்புவார் என்று தெரிந்தேதான் எழுதினார்கள். ஹார்ட்லிப் இந்த வேலையைத் தன் வாழ்க்கையாகவே செய்தார். தேனீ வளர்ப்பு, பழமரம், பட்டுப்புழு, பள்ளிக் கல்வி, ரசவாதம், வெடியுப்பு என்று வந்த எல்லாத் தகவலையும் உரியவரிடம் சேர்த்தார். கிறிஸ்டோபர் ரென் இளைஞராக இருந்தபோது வரைந்த மூன்று அடுக்குத் தேனீப்பெட்டியின் படம், ஹார்ட்லிப் 1655ல் தேனீ வளர்ப்பு பற்றி வெளியிட்ட நூலில் வந்தது. பிறகு லண்டனின் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய அதே ரென்தான்.

ஹார்ட்லிப்புக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் ஹென்றி ஓல்டன்பர்க், லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் செயலாளர். 1665ல் அவர் தொடங்கிய 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்' இதழுக்கு அவருக்கு வந்த கடிதங்களே பெரும் தீனி. வெளிநாட்டுக் கடிதங்கள் அரசின் கண்ணில் படாமல் இருக்க, தன் பெயரின் எழுத்துகளை இடம்மாற்றி 'குருபென்டால்' என்ற பெயருக்கு அனுப்பச் சொன்னார். அப்படியும் 1667ல், டச்சுக்காரர்களோடு போர் நடந்த சமயத்தில், சந்தேகத்தின் பேரில் லண்டன் டவர் சிறையில் வைத்தார்கள். ஒரு கடிதம் எத்தனை கைக்குப் போனது என்று பார்க்காமல் அறிஞர் கடிதத்தைப் படிக்கக் கூடாது.

இந்தத் தொகுப்புகளில் இன்னொரு ஆச்சரியம் பொருள்கள். டச்சு ஆய்வாளர் லீவன்ஹுக் டெல்ஃப்ட் நகரிலிருந்து தன் நுண்ணோக்கிக் கண்டுபிடிப்புகளை ராயல் சொசைட்டிக்கு எழுதியபோது, தக்கையையும் எல்டர் என்ற செடியின் தண்டுச் சோற்றையும் மெல்லியதாகச் சீவிச் சின்னத் தாள் பொட்டலங்களில் வைத்து ஒட்டி அனுப்பியிருந்தார். 1981ல் பிரையன் ஃபோர்டு என்ற ஆய்வாளர் கடிதங்களைப் புரட்டும்போது அந்தப் பொட்டலங்கள் அப்படியே இருந்தன. முந்நூறு வருடங்களாகக் கடிதத்தை மட்டும்தான் படித்திருக்கிறார்கள்.

இதற்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியாகவே. 1690களில் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன் நம் பக்கத்துச் செடிகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக்கடைக்காரர் அவற்றை விவரித்து, பிரவுனுக்கு எழுதும் கடிதமாகவே 1698 முதல் ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்டார். செடிகளுக்கு 'மலபார்' பெயர்களும் தரப்பட்டிருக்கின்றன. அக்கால ஐரோப்பியர்கள் தமிழை மலபார் என்றுதான் சொல்வார்கள். ரோமன் எழுத்தில் சிதைந்து கிடக்கும் அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தமிழ் காதுக்குச் சட்டென்று ஏதாவது ஒன்று பிடிபடும், அது தரும் சந்தோஷமே தனி. பிரவுனுக்குப் பின் எட்வர்ட் பல்க்லி என்ற மருத்துவரும் சென்னையிலிருந்து தொடர்ந்து அனுப்பினார்.

இங்கேயும் பெட்டியைத்தான் பின்தொடர வேண்டும். பெட்டிவர் 1718ல் இறந்ததும் ஹான்ஸ் ஸ்லோன் அவர் சேகரிப்பை வாங்கினார். ஸ்லோன் 1753ல் இறந்ததும் அவருடையது பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அடித்தளம் ஆனது. பிறகு பாகம் பிரித்ததில் கடிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்துக்கும் உலர்செடிகள் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் போயின. சென்னைச் செடியும் அதைப் பற்றிய கடிதமும் இப்போது லண்டனில் வேறு வேறு கட்டடத்தில்.

எழுத்தே புரியவில்லை. ஆங்கிலம் தெரிந்தும் ஒரு வரி படிக்க முடியவில்லை!

அது 'செக்ரட்டரி' கையெழுத்து, அக்காலத்தில் பரவலாக இருந்த எழுத்துமுறை. அதில் 'இ' (e) திரும்பிப் படுத்திருக்கும், 'சி' (c) பார்க்க 'ஆர்' (r) மாதிரி இருக்கும், 'எச்' (h) வரிக்குக் கீழே வால்விடும். 'யூ'வும் 'வி'யும் ஒன்றுக்கொன்று மாறிவரும். 'தி' (the) என்று வர வேண்டிய இடத்தில் 'ஒய்' (y) போட்டு மேலே குட்டியாக ஒரு 'இ' (e) இருந்தால் அதை 'யி' என்று படிக்காதீர்கள், 'தி' என்றே படியுங்கள். தோர்ன் என்ற பழைய எழுத்து தேய்ந்து 'ஒய்' உருவம் ஆனது.

ஒரு வழி சொல்கிறேன். முதல் வரியில் தொடங்காதீர்கள். 'நலம், நலமறிய ஆவல்' போல அவர்களுக்கும் தொடக்கத்திலும் முடிவிலும் வாய்ப்பாடு உண்டு. பணிவான வணக்கம், கடவுள் காப்பாராக, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகன் என்று. என்ன எழுதியிருக்கும் என்று முன்பே தெரிந்த அந்த முடிவு வரிகளிலிருந்து எழுத்துகளைப் பிடியுங்கள். பிடித்த எழுத்துகளை ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்புறம் நடுப்பகுதிக்குப் போங்கள். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசப் பயிற்சி வைத்திருக்கிறது. தினம் அரை மணி, ஒரு மாதம் போதும்.

பெண்கள் பலர் 'இட்டாலிக்' கையெழுத்தில் எழுதினார்கள், அது நமக்கு எளிது. ஆனால் உச்சரித்தபடியே எழுதியிருப்பார்கள். வாய்விட்டுப் படித்தால் தெளியும்.

தேதியில் ஏன் இவ்வளவு குழப்பம்?

1752 வரை இங்கிலாந்தில் வருடம் மார்ச் 25ல் பிறந்தது. அதனால் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை எழுதிய கடிதங்களில் உள்ள வருடம் நம் கணக்குக்கு ஒன்று குறைவு. டன் மாமனாருக்கு எழுதிய கடிதத்தில் '2 பிப்ரவரி 1601' என்றே இருக்கும். நமக்கு அது 1602. இது தெரியாமல், கல்யாணத்துக்குப் பத்து மாதம் முன்பே கடிதம் எழுதிவிட்டார் என்று குறித்து வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் தவித்திருக்கிறேன். போதாததற்கு, ஐரோப்பாவின் பெரும்பகுதி கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்டதால் 17ஆம் நூற்றாண்டில் 10 நாள் வித்தியாசம். பாரிஸிலிருந்து வந்த கேள்விக்கு லண்டனில் எழுதிய பதில், கேள்விக்கும் முந்தைய தேதியில் எழுதியதுபோலத் தெரிந்தால் காரணம் இதுதான்.

எழுத்தைத் தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

தாளின் வெற்றிடத்தை. பெரியவருக்கு எழுதும்போது விஷயம் முடிந்ததும் நிறைய இடம் விட்டு, அடியில் வலது மூலையில் கையெழுத்திடுவது மரியாதை. விட்ட இடம் எவ்வளவோ பணிவு அவ்வளவு. காகிதம் விலை உயர்ந்த காலம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் மடிப்பு. உறை கிடையாது, தாளையே மடித்து, சில சமயம் அதிலிருந்தே ஒரு நாடா வெட்டிச் செருகி, அரக்கு முத்திரை வைத்தார்கள். வெளிப்புறத்தில் வாங்கியவர் பெயருக்குப் பக்கத்தில் வேறு கையெழுத்தில் தேதியும் அனுப்பியவர் பெயரும் இருந்தால், அது வாங்கியவர் கோப்பில் வைக்கும்போது எழுதியது. கடிதம் உண்மையில் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

17ஆம் நூற்றாண்டின் ஜென்ட்ரி குடும்பத்துப் பெண் பிரில்லியானா ஹார்லி ஒரு கடிதத்தில் மகனுக்குச் சொல்லும் வழி இன்னும் நுட்பமானது. துளை வெட்டிய தாள் ஒன்றை அனுப்புகிறார். மையில் போட்ட சிலுவைக் குறியும் கடிதத்திலுள்ள சிலுவைக் குறியும் பொருந்தும்படி அதைக் கடிதத்தின்மேல் குத்தி வைத்தால், துளைகளில் தெரியும் சொற்கள் மட்டும்தான் உண்மையான செய்தி. உள்நாட்டுப் போர்க் காலம். வழியில் யார் பிரிப்பார்கள் என்று தெரியாது.

அச்சில் பதிப்பு இருக்கும்போது மூலத்தை ஏன் பார்க்க வேண்டும்?

19ஆம் நூற்றாண்டுப் பதிப்பாளர்கள் வெட்டினார்கள். சலவைக் கணக்கு, நோய், பணம் எல்லாம் வரலாறு அல்ல என்று விட்டார்கள். 1869ல் ஏற்பட்ட வரலாற்றுக் கையெழுத்து ஆணையத்தின் அறிக்கைகளும் பெரும்பாலும் சுருக்கங்களே. எது எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க அவற்றை விட்டால் வழியில்லை, ஆனால் மேற்கோள் காட்ட மூலம் வேண்டும்.

வீட்டிலிருந்தே இலவசமாக எவற்றைப் பார்க்கலாம்?

ஆக்ஸ்ஃபோர்டின் 'எர்லி மாடர்ன் லெட்டர்ஸ் ஆன்லைன்' யார், யாருக்கு, எப்போது, எங்கிருந்து எழுதினார், மூலம் எங்கே என்று சொல்லும் பட்டியல். அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஹார்ட்லிப் தாள்களின் முழு எழுத்துப்படி இணையத்தில் உண்டு. ஹார்ட்விக் பெஸ் என்ற சீமாட்டியின் கடிதங்களை கிளாஸ்கோ பல்கலைக்கழகத் திட்டம் படங்களோடு வெளியிட்டிருக்கிறது. ஃபோல்ஜரின் படங்களும் திறந்தவை. குடும்பப் பெயரைப் போட்டுத் தேட, தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஸ்கவரி' பட்டியல். ஹாட்ஃபீல்டு மாளிகையில் உள்ள, முதலாம் எலிசபெத் அரசியின் அமைச்சர்களான செசில் குடும்பத்தாரின் தாள்களும் அரசு ஆவணங்களும் கட்டணத் தளங்களில் உள்ளன, பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ் நூலகம் 2023 அக்டோபரில் சைபர் தாக்குதலுக்கு ஆளானதால் பழைய இணைப்புகள் பல வேலை செய்யாது.

1640ல் எழுதிய கடிதத்துக்குப் பதிப்புரிமை இருக்காதுதானே?

பிரிட்டனில் இருக்கலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதுவரை அச்சேறாத பழைய எழுத்துகளுக்குப் பொதுவாக 2039 முடியும்வரை உரிமை உண்டு, எழுதியவர் இறந்து நானூறு வருடம் ஆனாலும். முழுக் கடிதத்தை வெளியிடுமுன் காப்பகத்திடம் எழுதிக் கேளுங்கள். படத்துக்குத் தனி அனுமதி.

நேரில் போனால்?

வாசகர் அட்டை, அடையாளச் சான்று, பென்சில். பேனாவுக்கு அனுமதியில்லை. கையுறை வேண்டாம், சுத்தமான கை போதும். கையுறையோடு புரட்டினால் தாள் கிழியும்.

முதல் கடிதமாக எதைப் படிக்கலாம்?

பிரில்லியானா ஹார்லி, மகன் நெட் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது எழுதியவற்றிலிருந்து தொடங்குங்கள். 1854ல் கேம்டன் சொசைட்டி அச்சிட்ட பதிப்பு இணையத்தில் கிடைக்கும். மாவுக்குள் இளம் ஆட்டுக்கறி வைத்துச் சுடும் 'பை' (pie) என்ற பண்டம் ஒன்றைச் செய்து அனுப்புகிறார். இந்தக் கறி உனக்கு அங்கே அடிக்கடி கிடைக்காது என்று நினைக்கிறேன் என்கிறார். பாதிக்கு ஒரு மசாலா, பாதிக்கு வேறு மசாலா போட்டிருக்கிறார். 1643ல் அதே தாய், கணவர் லண்டனில் இருக்க, பிராம்ப்டன் பிரையன் கோட்டையைப் படைகள் வளைத்தபோது ஏழு வாரம் விட்டுக்கொடுக்காமல் நின்றார். அக்டோபர் கடைசியில் நோயில் இறந்தார். அதற்குச் சில வாரம் முன்புவரை எழுதிய கடிதங்களையும் நெட் எடுத்து வைத்திருக்கிறார். அந்தப் பண்டத்தைப் பற்றிய கடிதத்தைப் படித்துவிட்டு அவற்றுக்குப் போங்கள்.